துணைவேந்தரைத் தேடுவது எப்படி? கடலூர், புதுச்சேரி வட்டாரக் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

துணைவேந்தர் பதவி காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் பெரும்பாலான இடங்களில் நடப்பது ஒன்றுதான். நாளிதழில் ஒரு விளம்பரம், ஒரு மாத அவகாசம், கட்டுக்கட்டாக விண்ணப்பங்கள், அதில் ஒரு கழிப்பு, அப்புறம் நேர்காணல். இதற்குத் 'தேடுதல் குழு' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் யாரும் யாரையும் தேடிப் போவதில்லை. பதவி வேண்டும் என்று தாமாக முன்வந்தவர்களில் ஒருவரைப் பொறுக்குவதோடு வேலை முடிந்துவிடுகிறது. உண்மையிலேயே தகுதியான பலர் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் போடுகிற ரகம் அல்ல. யாராவது போய்க் கேட்டால்தான் யோசிக்கவே தொடங்குவார்கள்.

தேடுதல் குழுவில் உட்காரப் போகிறவர்கள், அந்தக் குழுவுக்குக் கோப்பு தயாரித்துக் கொடுக்கும் பதிவாளர் அலுவலகத்தார், நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ கல்லூரியோ நடத்தும் அறக்கட்டளை உறுப்பினர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். புலமுதல்வர், இயக்குநர், கல்லூரி முதல்வர் பதவிகளுக்கும் முக்கால்வாசி பொருந்தும். சட்ட விதிகள் மட்டும் பதவிக்குப் பதவி மாறும்.

1. முதலில் உங்கள் சட்டத்தைப் படியுங்கள்

இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் விதியே மாறிவிடுகிற வட்டாரம் இது. காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் 1985ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். குடியரசுத் தலைவர் அதன் பார்வையாளர், குடியரசுத் துணைத்தலைவர் வேந்தர், புதுச்சேரி துணைநிலை ஆளுநர் தலைமை ரெக்டர். துணைவேந்தர் நியமன ஆணை பார்வையாளரிடமிருந்து வரும். விளம்பரம் கொடுப்பது ஒன்றிய கல்வி அமைச்சகம்.

அதற்குப் பக்கத்திலேயே, பிள்ளைச்சாவடியில் இருந்த பொறியியல் கல்லூரி 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. அது யூனியன் பிரதேச அரசின் சட்டப்படி நடப்பது, வேந்தர் துணைநிலை ஆளுநர். தெற்கே சிதம்பரத்துக்குப் போனால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929இல் தொடங்கி நீண்ட காலம் தனியார் நிர்வாகத்தில் இருந்து, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தமிழக அரசின் கைக்கு வந்தது. வேந்தர் தமிழக ஆளுநர். புதுச்சேரியின் மருத்துவ நிறுவனமான ஜிப்மருக்குத் துணைவேந்தரே கிடையாது, அது தனிச் சட்டம் கொண்ட தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம், இயக்குநர்தான் தலைவர். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) தனி ஒழுங்குமுறை இருக்கிறது.

ஆகவே மற்றொரு பல்கலைக்கழகத்தின் பழைய கோப்பை வாங்கி அப்படியே நகலெடுக்கிற வேலை வேண்டாம். குழுவில் எத்தனை பேர், யார் யாருடைய பிரதிநிதி, பதவிக்காலம் எவ்வளவு, வயது வரம்பு என்ன என்பவற்றை உங்கள் சட்டத்திலிருந்தும் அதன் கீழ் வந்த விதிகளிலிருந்தும் ஒரே பக்கத்தில் எழுதி, சட்ட ஆலோசகரிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பின் முதல் தாளாக வையுங்கள். தமிழக அரசுப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் காலம் பொதுவாக மூன்று ஆண்டு, மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஐந்து. இந்த இரண்டு ஆண்டு வித்தியாசம் நீங்கள் எப்படிப்பட்டவரைத் தேட வேண்டும் என்பதையே மாற்றிவிடும். மூன்று ஆண்டுக்கு வருகிறவரிடம் புது வளாகம் கட்டச் சொல்லிப் பயனில்லை.

சட்டத்துக்கு மேலே யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இருக்கிறது. துணைவேந்தர் பற்றிய 7.3ஆம் பிரிவை ஒரு வரி விடாமல் படியுங்கள். சுருக்கமாக அது சொல்வது இதுதான்: பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகக் குறைந்தது பத்து ஆண்டு அனுபவம், அல்லது பெயர்பெற்ற ஆய்வு நிறுவனத்திலோ கல்வி நிர்வாக அமைப்பிலோ பத்து ஆண்டு அனுபவம். கல்வித் தலைமைக்குச் சான்று வேண்டும். தேடுதல் குழு மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட பட்டியலைத் தர வேண்டும். குழு உறுப்பினர்கள் உயர்கல்வியில் பெயர்பெற்றவர்களாக இருக்க வேண்டும், அந்தப் பல்கலைக்கழகத்தோடோ அதன் கல்லூரிகளோடோ எந்த விதத்திலும் தொடர்பில்லாதவர்களாகவும் இருக்க வேண்டும். மாநில, தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஒரு உறுப்பினர் யு.ஜி.சி. தலைவரால் நியமிக்கப்பட வேண்டும்.

இதில் எதையாவது விட்டால் என்ன ஆகும் என்பதை 2022ஆம் ஆண்டு காட்டிவிட்டது. குஜராத்தின் சர்தார் படேல் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை உச்ச நீதிமன்றம் அந்த மார்ச்சில் ரத்து செய்தது. மாநிலச் சட்டம் வேறு மாதிரி சொன்னாலும் யு.ஜி.சி. விதிதான் நிற்கும் என்றது. அக்டோபரில் கேரளத்தின் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழக நியமனம் போனது. காரணம், பட்டியல் தருவதற்குப் பதிலாக ஒரே ஒரு பெயரைப் பரிந்துரைத்திருந்தார்கள். நவம்பரில் உத்தராகண்டின் சோபன் சிங் ஜீனா பல்கலைக்கழகம். அங்கே விளம்பரமும் இல்லை, பத்து ஆண்டுப் பேராசிரியர் அனுபவமும் நிறைவேறவில்லை. வேலையில் சேர்ந்து வளாகத்தில் நடமாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் முன்னாள் துணைவேந்தர்கள் ஆனார்கள்.

விதிகளே இப்போது நகர்ந்துகொண்டிருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஜனவரியில் யு.ஜி.சி. ஒரு புது வரைவை வெளியிட்டது. தொழில்துறை, பொது நிர்வாகம், பொதுக் கொள்கைத் துறைகளிலிருந்தும் துணைவேந்தர் வரலாம் என்றது. தமிழகச் சட்டப்பேரவை அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், தமிழக ஆளுநர் மசோதாக்களுக்கு ஒப்புதல் தராமல் வைத்திருந்தது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதன் வழியே துணைவேந்தர் நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் சட்டங்கள், மே மாதத்தில் அவற்றுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை என்று அடுத்தடுத்து நடந்தது. தமிழக எல்லைக்குள் இருக்கும் நிறுவனம் என்றால், விளம்பரம் கொடுக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று எழுத்துமூலம் கேட்டு வாங்கிவிட்டுத்தான் அடுத்த அடி.

2. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

இப்போதைய தலைவரின் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எட்டு மாதம் எண்ணுங்கள். அங்கேதான் தொடக்கம். ஆறு மாதத்திலும் முடிக்கலாம், மூச்சு முட்டும்.

தாமதமானால் பொறுப்புத் துணைவேந்தர் வருவார், அல்லது ஒருங்கிணைப்புக் குழு வரும். தமிழகத்தில் பல பல்கலைக்கழகங்கள் இப்படித்தான் மாதக்கணக்கில் ஓடியிருக்கின்றன. பட்டச் சான்றிதழில் யார் கையெழுத்து என்பதிலிருந்து புது நியமனம் வரை எல்லாம் தேங்கும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை: வெளியூர் ஆட்கள் வளாகத்துக்கு வர வேண்டிய கட்டத்தை அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே புகுந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தில்லியிலிருந்து வரும் நிபுணருக்குச் சென்னையில் விமானம் இறங்கினாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. ஜனவரி பிற்பாதி முதல் மார்ச் வரை வசதி. பொங்கல் முடிந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

3. என்ன வேலைக்கு ஆள் தேடுகிறீர்கள் என்று எழுதுங்கள்

முழுத் தேடலிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலும் பத்து நிமிடம்கூடச் செலவாவதில்லை. "தொலைநோக்குப் பார்வையும் தலைமைப் பண்பும் கொண்ட கல்வியாளர்" என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும், அதனால் யாரையும் கழிக்கவும் உதவாது.

அடுத்து வருபவர் பதவிக்காலம் முடிந்து போகும்போது எந்த மூன்று அல்லது நான்கு விஷயங்கள் மாறியிருக்க வேண்டும்? அதை இரண்டு பக்கத் தாளில் எழுதுங்கள். காலாப்பட்டில் இருப்பவருக்கும் சிதம்பரத்தில் இருப்பவருக்கும் விடை ஒன்றாக இருக்கவே முடியாது.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் எல்லை புதுச்சேரியோடு நிற்பதில்லை. லட்சத்தீவும் அந்தமான் நிக்கோபாரும் அதற்குள் வரும். காரைக்காலிலும் போர்ட் பிளேரிலும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வளாகங்கள். மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மாணவர்கள். கூடவே, உள்ளூர் மாணவர்களுக்குக் குறிப்பிட்ட பாடப்பிரிவுகளில் மட்டும் இருக்கும் 25 சதவீத இடத்தை எல்லாப் பாடங்களுக்கும் விரிக்க வேண்டும் என்ற நீண்ட காலக் கோரிக்கை. தேசிய நிறுவனமா, ஊர்ப் பிள்ளைகளின் நிறுவனமா என்ற இழுபறியைத் தினமும் கையாளத் தெரிந்தவர் அங்கே வேண்டும்.

அண்ணாமலையின் கதை வேறு. ஒரு காலத்தில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி துணைவேந்தராக இருந்த இடம். நிதி நெருக்கடிக்குப் பிறகு அரசு ஏற்றது, தேவைக்கு மேல் இருந்த ஊழியர்களை வேறு அரசு நிறுவனங்களுக்கு அனுப்பியது, மருத்துவக் கல்லூரியைத் தனியே பிரித்துக் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆக்கியது. 2021க்குப் பிறகு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. உறைவிடப் பல்கலைக்கழகமாகப் பிறந்த ஒன்று இணைவுப் பல்கலைக்கழகமாகவும் மாற வேண்டியிருக்கிறது. அங்கே தேவைப்படுபவர் வரவு செலவைப் படிக்கத் தெரிந்தவர், தேர்வாணையர் அலுவலகம் எப்படி ஓடுகிறது என்று அறிந்தவர், ஊழியர் சங்கத்தோடு உட்கார்ந்து பேசக் கூச்சப்படாதவர். நானூறு ஆய்வுக் கட்டுரை எழுதியவர் என்பது இரண்டாம் பட்சம்.

இந்தத் தாளை எழுதக் குழு அறையிலேயே இருந்தால் போதாது. ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள், ஆய்வு மாணவர்கள், விடுதி மாணவர்கள் ஆகியோரைத் தனித்தனியே சந்தியுங்கள். துறைத்தலைவர் இருக்கும் அறையில் உதவிப் பேராசிரியர் வாய் திறக்க மாட்டார் என்பதால் 'தனித்தனியே' முக்கியம். சுற்றியுள்ள ஊர்க்காரர்களையும் விடாதீர்கள். காலாப்பட்டு மீனவர் கிராமத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இருப்பது ஒரு சாலைதான். கேட்பது இரண்டே கேள்வி: அடுத்து வருபவர் முதல் ஆண்டில் எதைச் சரிசெய்ய வேண்டும்? எதைத் தொடக்கூடாது? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்கள்தான் சுவையாக இருக்கும்.

"எங்களுக்கு யார் வேண்டும்" என்று பெயர் சொல்லத் தொடங்கினால் மட்டும் நிறுத்திவிடுங்கள். பெயர்கள் வர வேறு வழி இருக்கிறது.

4. குழுவும் அதன் செயலாளரும்

உறுப்பினர்களைச் சட்டம் தீர்மானிக்கும். செயலாளரை நீங்கள் தீர்மானிக்கலாம். மூத்த துணைப் பதிவாளர் ஒருவரை, அவர் எந்த விண்ணப்பதாரருக்கும் வேண்டியவரில்லை என்று உறுதி செய்துகொண்டு, இந்த வேலைக்கென்றே ஒதுக்குங்கள். தனி மின்னஞ்சல், தனி பீரோ, ஒரே சாவி.

'எந்த விதத்திலும் தொடர்பில்லாதவர்' என்ற சொற்றொடரை மிகக் கண்டிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்விக்குழுவில் உறுப்பினராக இருப்பவர், உங்கள் பாடத்திட்டக் குழுவுக்கு வந்து மதிப்பூதியம் வாங்குபவர், இணைவுபெற்ற கல்லூரியின் ஆலோசகர் என எல்லாரையும் தவிர்ப்பது நல்லது. அதன்பிறகு ஒவ்வொரு உறுப்பினரிடமும் ஓர் உறுதிமொழி: விண்ணப்பதாரர்களில் தன் உறவினர், தன் ஆய்வு மாணவர், தன் ஆய்வு நெறியாளர், சேர்ந்து கட்டுரை எழுதியவர் யாராவது உண்டா? பெயர்ப் பட்டியல் வந்த அன்றே இதை நிரப்ப வேண்டும். அந்தப் பெயர் விவாதத்துக்கு வரும்போது அவர் எழுந்து வெளியே போனார் என்பது கூட்டக் குறிப்பில் வர வேண்டும்.

ரகசியம் பற்றி இரண்டு வரி. புதுச்சேரி சின்ன ஊர். காலையில் குழு கூடினால் மாலையில் கடற்கரைச் சாலை நடைப்பயிற்சியில் பெயர்கள் உலாவும். இன்னொரு பல்கலைக்கழகத்தில் பதவியில் இருப்பவரின் பெயர் கசிந்தால் அங்கே அவருக்குச் சங்கடம், அடுத்த நாளே விலகிவிடுவார். நல்ல ஆட்களை இப்படித்தான் இழக்கிறோம்.

5. விளம்பரம் கொடுங்கள், பிறகு தேடப் புறப்படுங்கள்

விளம்பரம் கட்டாயம். தகுதி, கடைசி நாள், பதவிக்காலம், ஊதியம், வயது பற்றிய விதி எல்லாம் தெளிவாக இருக்கட்டும். மத்தியப் பல்கலைக்கழக விளம்பரங்களில் மாதம் 2,10,000 ரூபாய் ஊதியமும் 11,250 ரூபாய் சிறப்புப் படியும் என்று வெளிப்படையாகப் போடுகிறார்கள். அந்த வழக்கம் நல்லது. அரசு, பொதுத்துறை நிறுவனத்தில் இருப்பவர்கள் உரிய வழியில், அதாவது மேலதிகாரி மூலம் அனுப்ப வேண்டும், விஜிலன்ஸ் சான்று (முறைகேட்டுப் புகார் எதுவும் நிலுவையில் இல்லை என்ற சான்று) வேண்டும் என்றால், நேரடியாக அனுப்பும் முன்நகல் ஏற்கப்படும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் மேலதிகாரியின் மேசையிலேயே பல விண்ணப்பங்கள் தூங்கும்.

விளம்பரம் போன மறுநாளே நிஜமான வேலை தொடங்குகிறது. பொது அறிவிப்பு, பரிந்துரை, திறமையாளரைத் தேடிப் போவது ஆகிய மூன்றையுமோ அவற்றின் கலவையையோ 2018 விதி அனுமதிக்கிறது. நம் ஆட்கள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

ஐம்பது பேருக்குக் கடிதம் எழுதுங்கள். பதவிக்கு வரச் சொல்லிக் கேட்கும் கடிதமாக அது இருக்கக் கூடாது. யாரைக் கேட்கலாம் என்று விசாரிக்கும் கடிதம். முன்னாள் துணைவேந்தர்கள், தேசிய ஆய்வகங்களின் இயக்குநர்கள், ஐ.ஐ.டி. புலமுதல்வர்கள், கல்வி நிறுவனங்களைத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழுக்களில் போய் வந்த மூத்த பேராசிரியர்கள். புதுச்சேரியில் இருக்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி: 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் ஜிப்மரும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அங்கே வந்து போகிற அறிஞர்களின் வட்டம் பெரியது. கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, எங்கள் பல்கலைக்கழகத்தின் அடுத்த துணைவேந்தரைத் தேடும் பணி தொடங்கியுள்ளது. வரும் ஆண்டுகளில் இப்பதவியில் இருப்பவர் ஆற்ற வேண்டிய பணிகளை இணைப்பில் காணலாம். இப்பணிகளைத் திறம்படச் செய்யக்கூடியவர் என்று தாங்கள் கருதும் இருவர் அல்லது மூவரின் பெயர்களை, ஏன் என்ற ஓரிரு வரிகளுடன் எழுதி உதவ வேண்டுகிறோம். தங்கள் கடிதம் தேடுதல் குழுவைத் தவிர யாருக்கும் காட்டப்படாது."

அரசுப் பல்கலைக்கழகம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதால், கடைசி வரியை எழுதும் முன் சட்ட ஆலோசகரைக் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பாற்ற முடியாத வாக்குறுதி கொடுக்க வேண்டாம்.

ஒரே பெயர் மூன்று வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தால் உடனே தொலைபேசியை எடுங்கள். பேச வேண்டியவர் குழுத் தலைவர், செயலாளர் அல்ல. "வணக்கம் மேடம், உங்கள் பெயரைப் பலர் சொன்னார்கள். முடிவாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை, பணி பற்றி நாங்கள் அனுப்பும் இரண்டு பக்கத் தாளை மட்டும் படித்துப் பாருங்கள், வாரக் கடைசியில் பேசுகிறேன்" என்று சொன்னால் போதும். அழைப்பு வந்ததாலேயே பதவி உறுதி என்ற எண்ணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. மற்றவர்களைப் போலவே அவரும் கடைசி நாளுக்குள் முறைப்படி விண்ணப்பமோ ஒப்புதலோ கொடுத்தாக வேண்டும்.

கடிதங்களில் வந்த பெயர்களில் பெண்கள் எத்தனை பேர், ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து எத்தனை பேர் என்று நடுவில் ஒருமுறை பாருங்கள். குறைவாக இருந்தால் கடைசி நாளுக்கு முன்னால் இன்னொரு சுற்றுக் கடிதம். கடைசி நாளுக்குப் பிறகு வருத்தப்பட்டு ஒன்றும் ஆகாது.

6. கழிப்பும் சரிபார்ப்பும்

முதல் வாசல் தகுதி. அதில் குழுவின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. பத்து ஆண்டு என்றால் பேராசிரியர் ஆன தேதியிலிருந்து எண்ண வேண்டும். இணைப் பேராசிரியராக இருந்த காலம் சேராது. தனியார் பொறியியல் கல்லூரிகளில் 'பேராசிரியர்' என்ற பெயர்ப்பலகை தாராளமாகக் கிடைக்கும், அதனால் ஊதிய நிலை, நியமன ஆணை, தேர்வுக்குழு நடவடிக்கை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வேறு அரசு ஆணையங்களில் உறுப்பினராக இருந்த காலத்தைப் பேராசிரியர் அனுபவமாகக் காட்டினால் அங்கே சிவப்பு மையால் ஒரு கோடு.

கல்லூரி முதல்வர் தேர்வு என்றால் அளவுகோல் வேறு: முனைவர் பட்டம், மொத்தம் 15 ஆண்டு அனுபவம், குறைந்தது 10 ஆய்வு வெளியீடுகள், யு.ஜி.சி. முறைப்படி கணக்கிட்ட ஆய்வு மதிப்பெண் குறைந்தது 110. பதவிக்காலம் ஐந்து ஆண்டு, இன்னொரு ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம்.

அப்புறம் நேர்மை. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சோத்கங்காவில் (இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) தேடிப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரைகளை, ஆய்வாளர்களின் வெளியீட்டு விவரம் தரும் ஸ்கோபஸ், ஓர்சிட், விட்வான் தளங்களில் ஒப்பிடுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்பதாலேயே ஆளைக் கழித்துவிட வேண்டாம், காரணம் என்ன என்று பாருங்கள். தானே பிழையைக் கண்டு தானே திரும்பப் பெற்றவர் மதிப்புக்குரியவர். ஆனால் ஒரே ஆண்டில் நாற்பது கட்டுரை, நாற்பதிலும் கடைசிப் பெயர் அவருடையது, அந்த ஆண்டு அவர் பதிவாளராகவும் இருந்தார் என்றால் கேட்க வேண்டிய கேள்வி நிறைய இருக்கிறது. கட்டுரை வந்த இதழ் யு.ஜி.சி.யின் கேர் பட்டியலில் (ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் பட்டியல்) உண்டா என்று பார்க்கும் சுருக்குவழி இப்போது இல்லை, 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டார்கள். குழுவில் ஒருவராவது மூன்று கட்டுரைகளை உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும்.

தகுதி பெற்றவர்களிலிருந்து பன்னிரண்டு பேர், அதிலிருந்து ஆறு பேர் என்று குறைப்பது வசதி. மதிப்பெண் அட்டவணை போடலாம், ஆனால் 78.25க்கும் 77.50க்கும் நடுவே ஓர் ஆளின் தலைவிதியை எழுதாதீர்கள். ஒவ்வொருவரையும் ஏன் சேர்த்தோம் அல்லது விட்டோம் என்று மூன்றாம் படியில் எழுதிய தாளோடு ஒப்பிட்டு இரண்டு வரி எழுதுவது அதைவிட உறுதியாக நிற்கும்.

7. நேர்காணல்

இருபது நிமிட நேர்காணலில் துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே கேள்விகளை எல்லாரிடமும் கேளுங்கள். "உங்கள் தொலைநோக்கு என்ன" என்பதைக் கேட்காதீர்கள், அதற்கான படக்காட்சியை எல்லாரும் தயாராகக் கொண்டுவருவார்கள். நடக்கக்கூடிய ஒரு நிகழ்வைக் கொடுத்து யோசிக்க விடுங்கள். உதாரணத்துக்கு:

"டிசம்பர் முதல் வாரம். பருவத் தேர்வின் நான்காம் நாள். புயல் நாளை இரவு கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடக்கும் என்கிறது வானிலை மையம். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் விடுமுறை அறிவித்துவிட்டார்கள். போர்ட் பிளேரில் வெயில் அடிக்கிறது, அங்கே மாணவர்கள் தேர்வுக்குத் தயார். வினாத்தாள் எல்லா வளாகங்களுக்கும் ஒன்றே. விடுதியில் வடகிழக்கு மாநில மாணவர்கள் விமானச் சீட்டு எடுத்து வைத்திருக்கிறார்கள். முதல் மூன்று மணி நேரத்தில் யார் யாரைக் கூப்பிடுவீர்கள்?"

இதற்குச் சரியான விடை ஒன்று கிடையாது. தேர்வாணையரை முதலில் கூப்பிடுகிறாரா, விடுதிக் காப்பாளரையா, பத்திரிகையாளரையா என்பதிலேயே ஆள் தெரிந்துவிடுவார். யாரையும் கூப்பிடாமல் தானே ஆணை போடுகிறவரையும் பார்ப்பீர்கள்.

இரண்டாவதாக, தணிக்கை அறிக்கையிலிருந்து நான்கு பக்கம் கொடுத்து அரை மணி நேரம் விடுங்கள். எந்த வரி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கேளுங்கள். மூன்றாவதாக, தம் கீழ் வேலை பார்த்த ஒருவரைப் பற்றி எடுத்த கடினமான முடிவு ஒன்றை விவரிக்கச் சொல்லுங்கள். எல்லா வாக்கியமும் 'நான்' என்று தொடங்கினால் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் தெரியாதவர் வந்தால்? மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு அது தடையில்லை, தடையாகவும் இருக்கக்கூடாது. ஆனால் ஊழியர்களோடும் பெற்றோர்களோடும் எப்படிப் பேசுவீர்கள், முன்பு மொழி தெரியாத ஊரில் என்ன செய்தீர்கள் என்று கேட்பதில் தவறில்லை.

8. விசாரணை

விண்ணப்பத்தில் கொடுத்த சான்றாளர்கள் நல்லதாகத்தான் சொல்வார்கள். அவர்களிடமும் பேசுங்கள், கூடவே விண்ணப்பதாரரின் ஒப்புதலோடு, அவர் பெயர் தராத நால்வரிடமும் பேசுங்கள். பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளையின் அலுவலகத்திலும் தெருவிலும் விசாரிக்கிற அதே அக்கறை வேண்டும். அவருடைய முன்னாள் நிதி அலுவலர், அவர் புலமுதல்வராக இருந்தபோது இருந்த சங்கச் செயலாளர், அவரிடம் முனைவர் பட்டம் முடித்த ஒரு பெண், அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர். கடைசியாகச் சொன்னவர்தான் அதிகம் அறிந்தவர், ஏனென்றால் மேசை இழுப்பறைகளைத் திறந்து பார்த்தவர்.

"எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "ரொம்ப நல்லவர் சார்" என்பதோடு முடிந்துவிடும். "அவரிடம் கெட்ட செய்தி சொல்ல யார் போவார்கள்?", "அவர் கையெழுத்துக்குப் போன கோப்பு எத்தனை நாளில் திரும்பும்?", "மறுபடி அவருக்குக் கீழே வேலை செய்வீர்களா?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பின் வரும் மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பிவிட வேண்டாம். பாலியல் புகார், ஒழுங்கு நடவடிக்கை, நிதி முறைகேடு பற்றி அந்த நிறுவனத்திடம் எழுத்துமூலம்தான் கேட்க வேண்டும், வாய்மொழியை நம்பக்கூடாது. மொட்டைக் கடுதாசி வரும், எப்போதும் வரும். சரிபார்க்கக்கூடிய தேதியோ கோப்பு எண்ணோ இருந்தால் சரிபாருங்கள், வெறும் வசவு என்றால் பதிவு செய்துவிட்டு நகருங்கள்.

9. பட்டியல்

மூன்று பெயர்கள், அதிகபட்சம் ஐந்து. அகர வரிசையில். முதல் இடம், இரண்டாம் இடம் என்று போட உங்கள் சட்டம் சொல்லாவிட்டால் போடாதீர்கள், தேர்ந்தெடுப்பது வேந்தரோ பார்வையாளரோதான். பட்டியலில் இருக்கும் யார் வந்தாலும் உங்களுக்குச் சம்மதம் என்றால்தான் அது பட்டியல். ஒருவரைக் கொண்டுவர இரண்டு பேரை ஒப்புக்குச் சேர்த்தால், அந்த ஒப்புக்குச் சேர்த்தவரே நியமனமாகும் வாய்ப்பு உண்டு.

ஒவ்வொரு பெயருக்கும் எழுத்தில் காரணம் இணைக்க வேண்டும். கல்விச் சிறப்பு, உள்நாட்டு வெளிநாட்டு உயர்கல்வி அனுபவம், நிர்வாக அனுபவம் ஆகியவற்றுக்கு உரிய எடை கொடுத்ததைப் பட்டியலோடு எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. "குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது" என்ற ஒரே வரியில் முடித்துவிட்டால் நீதிமன்றத்தில் காட்ட ஒன்றும் இருக்காது.

10. ஆணை வந்த பிறகு

தேர்வாகாத இறுதிச் சுற்று ஆட்களுக்குச் செய்தித்தாளுக்கு முன்னால் தலைவர் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அடுத்த தேடலில் அவர்களே சிறந்த ஆட்களாக இருக்கலாம்.

வருபவருக்குத் தம் பழைய நிறுவனத்தில் லியன் (பழைய பணிக்குத் திரும்பும் உரிமை), பணி விடுவிப்பு, ஓய்வூதியத் தொடர்ச்சி ஆகியவை முடிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதற்குள் குடியிருப்புக்கு வெள்ளையடித்து வையுங்கள், பிள்ளைகள் இருந்தால் பள்ளி இடம் பற்றி விசாரித்துச் சொல்லுங்கள். பழைய துணைவேந்தரும் புதியவரும் ஒரு நாளாவது சேர்ந்து உட்கார்ந்து, நிலுவை வழக்குகள், காலிப் பணியிடங்கள், நாக் அறிக்கையின் நிலை, அடுத்த பட்டமளிப்பு விழா பற்றி எழுத்தில் கைமாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாம் படியில் எழுதிய அந்தத் தாளையும், அதற்காக மக்கள் சொன்ன கருத்துகளின் தொகுப்பையும் பெயர்களை நீக்கிவிட்டு அவர் கையில் கொடுங்கள்.

கோப்பை மூடும் முன் செயலாளர் ஒரு பொருளடக்கம் தயாரித்து, பக்க எண் போட்டு, விளம்பர நறுக்கு முதல் உறுதிமொழிப் படிவங்கள் வரை எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். எந்த அதிகாரத்தில் இவர் இந்தப் பதவியில் இருக்கிறார் என்று கேட்கும் ரிட் மனு ஆணை வந்த வாரத்திலும் வரலாம், இரண்டு ஆண்டு கழித்தும் வரலாம். அந்த இரண்டு ஆண்டில் செயலாளர் ஓய்வு பெற்றிருக்கக்கூடும் என்பதால், மூலக் கோப்பு பதிவாளரின் பீரோவிலும் சான்றளித்த நகல் சட்டப் பிரிவிலும் இருக்கட்டும். ஸ்கேன் செய்த பிரதியின் கடவுச்சொல்லை உறையிலிட்டு அரக்கு வைத்து நிதி அலுவலரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.